சூரியனை அளந்து கடலில் இடம் அறிதல்: கணக்குக்கு ஓர் அறிமுகம்

செக்ஸ்டண்ட் கருவியைக் கையில் பிடித்து, அதன் கண்ணாடிகளின் வழியே சூரியனின் பிம்பத்தை அடிவானம் வரை இறக்கி, கோணத்தைப் படிக்க ஒரு சில நாள்களில் பழகிவிடலாம். அந்த ஒரு கோணத்தை வைத்துக்கொண்டு, கப்பல் இன்ன அட்சரேகையில், இன்ன தீர்க்கரேகையில் இருக்கிறது என்று சொல்லும் வரை இடையில் உள்ள கணக்குதான் புதிதாகக் கற்பவர்களைத் தயங்க வைக்கிறது. சைன், கோசைன், மணிக்கோணம், திருத்தங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது, எது அடிப்படை, எது துணை என்பது தெரியாமல் போய்விடுகிறது. உண்மையில் இந்தக் கணக்கின் உயிர் ஒரே ஒரு கழித்தலில் இருக்கிறது. நான் இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று உத்தேசமாக ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து பார்த்தால் சூரியன் எவ்வளவு உயரத்தில் தெரிய வேண்டும் என்று கணக்கிடுகிறோம். உண்மையில் அளந்த உயரத்தோடு அதை ஒப்பிடுகிறோம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நம் உத்தேசம் எத்தனை மைல் தவறியிருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. மற்ற எல்லாமும் இந்தக் கழித்தலுக்குச் செய்யும் ஆயத்தங்கள்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் கோண அளவையும் நிமிடம் என்று சொல்வதுண்டு. காலத்தின் நிமிடமும் இந்தக் கணக்கில் அடிக்கடி வருவதால், குழப்பத்தைத் தவிர்க்க, நம் பஞ்சாங்க வழக்கைப் பின்பற்றி அதைக் ‘கலை’ என்றே எழுதுகிறேன். 60 கலை ஒரு பாகை. 68°14.2′ என்று எழுதினால் 68 பாகை 14.2 கலை.

ஓர் அளவு தருவது புள்ளியை அன்று, வட்டத்தை

சமதரையில் நிற்கும் ஓர் உயரமான கம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் நின்றால் உச்சியைக் காணத் தலையை அண்ணாந்து பார்க்க வேண்டும். விலகிச் செல்லச் செல்ல உச்சி தாழ்ந்துகொண்டே வரும். கம்பத்தின் உச்சி சரியாக 40 பாகை உயரத்தில் தெரியும் இடம் எது என்று கேட்டால், அதற்கு விடை ஓர் இடம் அன்று. கம்பத்தைச் சுற்றி வரைந்த ஒரு வட்டம். அந்த வட்டத்தின் மேல் எங்கு நின்றாலும் உச்சி 40 பாகையில்தான் தெரியும்.

சூரியனுக்கும் இதுவே பொருந்தும். எந்த நொடியிலும் பூமியின் மேல் ஏதோ ஓர் இடத்தில் சூரியன் நேர் உச்சியில் இருக்கும். அந்த இடத்தைச் சூரியனின் நேர்கீழ்ப்புள்ளி என்று அழைப்போம். அங்கு நிற்பவருக்கு ஏற்றக்கோணம், அதாவது அடிவானத்திலிருந்து சூரியனின் உயரம், 90 பாகை. சூரியன் வெகு தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் பூமிக்கு ஏறக்குறைய இணையாகவே வந்து சேருகின்றன. ஆகவே இங்கு ஏற்றக்கோணம் மாறுவதற்குக் காரணம் பூமியின் வளைவு. நேர்கீழ்ப்புள்ளியிலிருந்து ஒரு பாகை தொலைவு விலகினால் சூரியனும் ஒரு பாகை தாழும். எனவே 90 பாகையிலிருந்து ஏற்றக்கோணத்தைக் கழித்தால், நேர்கீழ்ப்புள்ளிக்கும் நமக்கும் இடையே உள்ள தொலைவு கோண அளவில் கிடைத்துவிடும். இதற்கு உச்சித் தொலைவு என்று பெயர்.

இந்தக் கோணத்தை மைலாக மாற்றத் தனிக் கணக்கு எதுவும் வேண்டாம். கடல் மைல் என்னும் அளவே, பூமியின் மேற்பரப்பில் ஒரு கலைக்கு நிகரான நீளமாகத் தோன்றியது. இன்று அது 1,852 மீட்டர் என்று நிலைப்படுத்தப்பட்டிருக்கிறது. எனவே உச்சித் தொலைவு 21°35.2′ என்றால் அது 1,295.2 கலை, நேர்கீழ்ப்புள்ளியிலிருந்து நாம் ஏறத்தாழ 1,295 கடல் மைல் தொலைவில் இருக்கிறோம். கோணமும் தூரமும் இப்படி ஒரே எண்ணில் அமைந்திருப்பதுதான் இந்த முறையின் மிகப் பெரிய வசதி என்று நான் நினைக்கிறேன். இதை மனத்தில் ஊன்றிக்கொண்டவருக்குப் பின்னால் வரும் எந்தப் படியும் அந்நியமாகத் தோன்றாது.

நேர்கீழ்ப்புள்ளி எங்கே இருக்கிறது?

வட்டத்தின் ஆரம் தெரிந்தது. அதன் மையம் எங்கே என்பதைக் கடலோடிகளுக்கான பஞ்சாங்கம் சொல்லும். 1767ஆம் ஆண்டுக்கான பதிப்பிலிருந்து பிரிட்டனில் இது தொடர்ந்து வெளிவருகிறது. ஒவ்வொரு நாளின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சூரியன், சந்திரன், நான்கு கோள்கள் ஆகியவற்றின் நேர்கீழ்ப்புள்ளி எங்கே என்பதற்கு இரண்டிரண்டு எண்களை அது தருகிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கிலோ தெற்கிலோ அந்தப் புள்ளி எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பது முதல் எண். அதற்கு நடுவரை விலக்கம் என்று பெயர். சூரியனுக்கு அது ஓராண்டில் தெற்கே சுமார் 23°26′ முதல் வடக்கே அதே அளவு வரை சென்று திரும்பும். கிரீன்விச் தீர்க்கரேகையிலிருந்து மேற்கு நோக்கி எத்தனை பாகை சென்றால் அந்தப் புள்ளி வரும் என்பது இரண்டாவது எண். அது கிரீன்விச் மணிக்கோணம். முன்னது அட்சரேகைக்கும் பின்னது தீர்க்கரேகைக்கும் இணையானவை. ஒரு வேறுபாடு உண்டு: தீர்க்கரேகையைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரித்து 180 வரை எண்ணுகிறோம், மணிக்கோணத்தை மேற்கு நோக்கியே 360 வரை எண்ணுகிறோம்.

நேர்கீழ்ப்புள்ளி ஓரிடத்தில் நிற்பதில்லை. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்வதால், அது 4 நொடிக்கு ஒரு கலை வீதம் மேற்கு நோக்கி ஓடிக்கொண்டே இருக்கிறது. அளந்த நேரத்தைக் குறிப்பதில் 4 நொடி தவறினால், கிடைக்கும் தீர்க்கரேகை ஒரு கலை தவறும். பூமத்திய ரேகையில் அது ஒரு கடல் மைல். தீர்க்கரேகையைக் காண்பது பல நூற்றாண்டுகள் தீராத சிக்கலாக இருந்ததற்குக் காரணம் இதுவே. கடலின் ஆட்டத்திலும் வெப்பநிலை மாற்றத்திலும் நேரம் தவறாத கடிகாரம் அப்போது இல்லை. 1714இல் பிரிட்டன் நாடாளுமன்றம் இதற்குத் தீர்வு காண்பவருக்கு 20,000 பவுண்டு வரை பரிசளிக்கச் சட்டம் இயற்றியது. ஜான் ஹாரிசன் உருவாக்கிய கடற்கடிகாரம் 1761இல் தொடங்கிய பயணத்தில் சோதிக்கப்பட்டு, கடலில் நேரத்தைக் காக்க முடியும் என்று காட்டியது. இன்று நம் மணிக்கட்டில் உள்ள சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம், அதன் அன்றாடப் பிழை எவ்வளவு என்று குறித்து வைத்திருந்தால், இந்த வேலைக்குப் போதுமானது.

சூரியனின் ஓட்டமும் கடிகாரத்தின் ஓட்டமும் முற்றிலும் ஒத்துப்போவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிப்ரவரி நடுவில் சூரியன் கடிகாரத்துக்குச் சுமார் 14 நிமிடம் பிந்தியும், நவம்பர் தொடக்கத்தில் சுமார் 16 நிமிடம் முந்தியும் உச்சியைக் கடக்கிறது. 14 நிமிடம் என்பது மூன்றரைப் பாகை, அதாவது 210 கலை. பஞ்சாங்கத்தில் உள்ள மணிக்கோணத்தில் இந்த வேறுபாடு ஏற்கெனவே சேர்ந்திருப்பதால், கற்பவர் இதற்கெனத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

கருவி காட்டுவதும் உண்மையான உயரமும்

செக்ஸ்டண்ட் காட்டும் எண்ணை அப்படியே கணக்கில் போட முடியாது. அதை நேர்செய்யும் திருத்தங்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றும் ஏன் வருகிறது என்று புரிந்துகொள்வது நல்லது. கூட்டுவதா கழிப்பதா என்ற ஐயம் பிறகு எழாது.

முதலாவது, கருவியின் சொந்தப் பிழை. அளவைச் சுழியத்தில் வைத்து அடிவானத்தைப் பார்த்தால், நேராகத் தெரியும் அடிவானமும் கண்ணாடியில் பிரதிபலிக்கும் அடிவானமும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். அப்படித் தெரிய வைப்பதற்கு அளவை 1.5 கலை கூட்டித் திருக வேண்டியிருந்தால், கருவி எப்போதும் 1.5 கலை கூடுதலாகவே காட்டுகிறது என்று பொருள். அதைக் கழிக்க வேண்டும். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் இதைச் சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

இரண்டாவது, நம் கண் கடல் மட்டத்துக்கு மேலே இருப்பதால் வருவது. உயரத்திலிருந்து பார்க்கும்போது தெரியும் அடிவானம் உண்மையான கிடைமட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும். ஆகவே அளக்கும் கோணம் பெரிதாகிவிடும். கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.76 ஆல் பெருக்கினால் கழிக்க வேண்டிய கலைகள் கிடைக்கும். 4 மீட்டருக்கு 3.5 கலை, 9 மீட்டருக்கு 5.3 கலை.

மூன்றாவது, காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால் எல்லா விண்பொருள்களும் சற்று உயர்ந்து தெரிவது. அடிவானத்தில் இது ஏறக்குறைய 34 கலை. அதாவது, சூரியனின் கீழ்விளிம்பு அடிவானத்தைத் தொடுவதாக நாம் காணும்போது, வளையாத ஒளியில் அது முழுவதுமே கீழே போயிருக்கும். 45 பாகை உயரத்தில் இதே பிழை ஒரு கலையாகக் குறைந்துவிடுகிறது. தாழ்வான உயரங்களில் காற்றின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் பொறுத்து இது மாறக்கூடியது என்பதால், தொடக்கத்தில் 15 பாகைக்குக் கீழே அளப்பதைத் தவிர்ப்பது நல்லது.

கடைசியாக, நாம் அளப்பது சூரியனின் கீழ்விளிம்பை. பஞ்சாங்கம் பேசுவது அதன் நடுப்புள்ளியை. ஆகவே அரைவிட்டத்தைக் கூட்ட வேண்டும். ஜூலைத் தொடக்கத்தில் அது 15.8 கலை, ஜனவரித் தொடக்கத்தில் 16.3 கலை. பூமியின் நடுவிலிருந்து அல்லாமல் மேற்பரப்பிலிருந்து பார்ப்பதால் வரும் இடமாறு தோற்றப்பிழை ஒன்றும் உண்டு. சூரியனுக்கு அது அதிகபட்சம் 0.15 கலைதான், சந்திரனுக்கோ ஒரு பாகையைத் தொடும். சந்திரனை அளக்கும் கணக்கைப் பின்னால் கற்பதே வசதி என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

நண்பகல் கணக்கு

முதலில் கற்க வேண்டியது நண்பகல் அட்சரேகை. இதில் சைனும் இல்லை, கோசைனும் இல்லை. சூரியன் அன்றைய உச்ச உயரத்தை அடையும்போது அதன் நேர்கீழ்ப்புள்ளி நம் தீர்க்கரேகையின் மேலேயே, நமக்கு நேர் வடக்கிலோ நேர் தெற்கிலோ இருக்கும். ஆகவே உச்சித் தொலைவு முழுவதும் வடக்கு தெற்குத் தொலைவாகவே அமைந்துவிடுகிறது.

வட அட்லாண்டிக்கில், ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், மேற்கு நோக்கிச் செல்லும் ஒரு பாய்மரப் படகில் நாம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உத்தேசத் தீர்க்கரேகை 40° மேற்குக்கு அருகில், கண்ணின் உயரம் 4 மீட்டர், கருவி 1.5 கலை கூடுதலாகக் காட்டுகிறது. சூரியன் தெற்கே இருக்கிறது. உலக நேரம், அதாவது கிரீன்விச் நேரம், 14 மணி 41 நிமிடத்தை ஒட்டி அது மேலே ஏறுவதை நிறுத்துகிறது. கீழ்விளிம்புக்குக் கருவி காட்டிய உச்ச அளவு 68°14.2′.

கருவிப் பிழை 1.5, கண் உயரத்துக்கு 3.5 ஆகியவற்றைக் கழித்தால் 68°09.2′. இந்த உயரத்தில் ஒளிவிலகல் 0.4 கலை, அதைக் கழித்து, அரைவிட்டம் 16.0 கலையைக் கூட்ட, 68°24.8′ கிடைக்கிறது. இடமாறு தோற்றப்பிழை இங்கு 0.1 கலையைக்கூட எட்டாது, விட்டுவிடலாம். 90 பாகையிலிருந்து இதைக் கழிக்க, உச்சித் தொலைவு 21°35.2′.

அந்த நேரத்துக்குப் பஞ்சாங்கம் தரும் விலக்கம் வடக்கு 8°12.3′ என்போம். கூட்டுவதா கழிப்பதா என்பதற்குச் சூத்திரம் தேட வேண்டாம். மனத்தில் ஒரு படம் போதும். சூரியன் நிற்கும் புள்ளி பூமத்திய ரேகைக்கு 8°12.3′ வடக்கே இருக்கிறது. சூரியன் நமக்குத் தெற்கே தெரிகிறது என்றால், நாம் அந்தப் புள்ளிக்கும் வடக்கே, 21°35.2′ தள்ளி இருக்கிறோம். இரண்டையும் கூட்ட, நம் அட்சரேகை 29°47.5′ வடக்கு.

நண்பகல் நேரத்தைக் குறித்துக்கொண்டு தீர்க்கரேகையையும் காணலாமே என்று தோன்றும். கொள்கை அளவில் காணலாம். ஆனால் உச்சியை அடையும்போது சூரியன் சில நிமிடங்கள் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். மிக உயர்ந்த நொடி எது என்று கண்ணால் சொல்ல இயலாது. 4 நொடிக்கு ஒரு கலை தவறும் கணக்கில் ஒரு நிமிடத் தடுமாற்றமே 15 கலை ஆகிவிடும். எனவே தீர்க்கரேகைக்கு வேறு வழி வேண்டும்.

வட்டம் கோடாக மாறுதல்

உச்சித் தொலைவை ஆரமாக வைத்து வட்டம் வரைந்துவிடலாம் அல்லவா? நம் எடுத்துக்காட்டில் நண்பகலிலேயே அந்த ஆரம் 1,295 மைல். பிற்பகலில் அது 2,800 மைலைத் தாண்டும். இத்தனை பெரிய வட்டத்தை, மைல் கணக்கில் துல்லியம் வேண்டும் ஒரு கடல் வரைபடத்தில் போட முடியாது. ஆனால் நமக்கு முழு வட்டமும் தேவையில்லை. நாம் இருக்கக்கூடிய பகுதியின் ஊடே செல்லும் ஒரு சிறு துண்டு போதும். இவ்வளவு பெரிய வட்டத்தின் சிறு துண்டு நேர்கோடாகவே தெரியும்.

இதை முதலில் கண்டவர் தாமஸ் சம்னர் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர். 1837 டிசம்பர் 17ஆம் நாள், மோசமான வானிலையில் அயர்லாந்தின் கரையை நெருங்கிக்கொண்டிருந்த அவருக்கு, மேகங்களுக்கு இடையே சூரியனை ஒரே ஒரு முறை அளக்க வாய்ப்புக் கிடைத்தது. தம் அட்சரேகை அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. எனவே மூன்று வெவ்வேறு அட்சரேகைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தீர்க்கரேகையைக் கணக்கிட்டு, மூன்று புள்ளிகளையும் வரைபடத்தில் குறித்தார். அவை ஒரே கோட்டில் அமைந்தன. அந்தக் கோட்டை நீட்டியபோது அது ஸ்மால்ஸ் கலங்கரை விளக்கத்தின் வழியே சென்றது. தாம் எந்தப் புள்ளியில் இருக்கிறோம் என்று தெரியாமலேயே அந்தக் கோட்டின் வழியே கப்பலைச் செலுத்தி, அவர் விளக்கைக் கண்டார். 1843இல் இந்த முறையை வெளியிட்டார். உறுதியற்ற ஒரு தகவலிலிருந்தும் உறுதியான ஒரு கோட்டைப் பெறலாம் என்பதை அவர் அன்று காட்டினார்.

இன்று நாம் பயன்படுத்தும் முறை, பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி மார்க் செயின்ட் ஹிலேர் 1875இல் வெளியிட்டது. தொடக்கத்தில் நான் சொன்ன கழித்தல் இதுதான். பல புள்ளிகளைக் கணக்கிடுவதற்குப் பதிலாக ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து தெரிய வேண்டிய ஏற்றக்கோணத்தையும் சூரியனின் திசையையும் கணக்கிடுவது.

அதற்கு வேண்டியது ஒரு கோள முக்கோணம். அதன் மூன்று மூலைகள் வட துருவம், எடுத்துக்கொண்ட இடம், சூரியனின் நேர்கீழ்ப்புள்ளி. துருவத்திலிருந்து நம் இடம் வரை உள்ள பக்கம் 90 கழித்தல் அட்சரேகை; துருவத்திலிருந்து நேர்கீழ்ப்புள்ளி வரை உள்ள பக்கம் 90 கழித்தல் விலக்கம். இந்த இரண்டு பக்கங்களும் துருவத்தில் சந்திக்கும் கோணம், நம் தீர்க்கரேகைக்கும் நேர்கீழ்ப்புள்ளிக்கும் இடையே உள்ள வேறுபாடு. அதுதான் உள்ளூர் மணிக்கோணம். கிரீன்விச் மணிக்கோணத்திலிருந்து மேற்குத் தீர்க்கரேகையைக் கழித்தாலோ, கிழக்குத் தீர்க்கரேகையைக் கூட்டினாலோ அது கிடைக்கும். இரண்டு பக்கங்களும் இடைக்கோணமும் தெரிந்தால் மூன்றாவது பக்கத்தைக் காணலாம். அந்தப் பக்கமே உச்சித் தொலைவு. அதை ஏற்றக்கோணமாக மாற்றி எழுதினால் சூத்திரம் இப்படி அமையும்:

சைன் (ஏற்றம்) = சைன் (அட்சம்) × சைன் (விலக்கம்) + கோசைன் (அட்சம்) × கோசைன் (விலக்கம்) × கோசைன் (மணிக்கோணம்)

சூரியன் இருக்கும் திசைக்கு:

கோசைன் (திசை) = [சைன் (விலக்கம்) − சைன் (அட்சம்) × சைன் (ஏற்றம்)] ÷ [கோசைன் (அட்சம்) × கோசைன் (ஏற்றம்)]

வடக்கு அட்சத்தையும் விலக்கத்தையும் மிகை எண்ணாகவும், தெற்கைக் குறை எண்ணாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளூர் மணிக்கோணம் 180க்குக் குறைவாக இருந்தால் சூரியன் மேற்கே இருக்கிறது. அப்போது கிடைத்த திசையை 360இலிருந்து கழிக்க வேண்டும்.

பிற்பகல் அளவு

அதே நாள், மூன்று மணி நேரம் கழித்து, உலக நேரம் 17 மணி 41 நிமிடம் 20 நொடி. கருவி காட்டுவது 42°38.3′. முன்போலவே 1.5, 3.5 ஆகியவற்றைக் கழிக்க 42°33.3′. ஒளிவிலகலுக்கு 1.1 கழித்து, அரைவிட்டத்துக்கு 16.0, இடமாறு தோற்றப்பிழைக்கு 0.1 கூட்டினால், அளந்த உண்மை ஏற்றம் 42°48.3′.

பஞ்சாங்கத்தில் 17 மணிக்குக் கிரீன்விச் மணிக்கோணம் 74°46.0′ என்றும், மீதி 41 நிமிடம் 20 நொடிக்கான கூடுதல் 10°20.0′ என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 85°06.0′. விலக்கம் மணிக்கு 0.9 கலை வீதம் கூடி, வடக்கு 8°15.0′ ஆகியிருக்கிறது.

இனி ஓர் இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். கணக்கு எளிதாக அமைய, 30°00′ வடக்கு, 40°06.0′ மேற்கு என்று எடுத்துக்கொள்கிறேன். 85°06.0′ இலிருந்து 40°06.0′ ஐக் கழித்தால் மணிக்கோணம் சரியாக 45 பாகை. முழுப் பாகைகளுக்கு முன்கூட்டியே விடை கணக்கிட்டு அச்சிட்ட அட்டவணைகளைப் பயன்படுத்துவோர் இப்படித்தான் இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். கால்குலேட்டர் இருந்தால் உத்தேச இடத்தையே நேராகப் போடலாம். நாம் அங்கே இல்லை என்பது நமக்குத் தெரியும். அதனால் கெடுதல் எதுவும் இல்லை.

சைன் 30 = 0.5, சைன் 8.25 = 0.14349; இவற்றின் பெருக்கல் 0.07175. கோசைன் 30 = 0.86603, கோசைன் 8.25 = 0.98965; கோசைன் 45 = 0.70711, மூன்றின் பெருக்கல் 0.60604. இரண்டையும் கூட்ட 0.67778 (கால்குலேட்டரில் இடையில் முழுமையாக்காமல் போட்டால் கிடைப்பது). அதன் தலைகீழ் சைன் 42.670 பாகை, அதாவது 42°40.2′. திசைக்கான சூத்திரம் 107.9 பாகை தருகிறது. சூரியன் மேற்கே இருப்பதால் 360இலிருந்து கழிக்க, 252 பாகை.

இப்போது அந்தக் கழித்தல். அளந்தது 42°48.3′, எடுத்துக்கொண்ட இடத்தில் தெரிய வேண்டியது 42°40.2′. வேறுபாடு 8.1 கலை, அதாவது 8.1 மைல். இதற்கு இன்டர்செப்ட் என்று பெயர். நமக்குச் சூரியன் கூடுதல் உயரத்தில் தெரிந்தது. கம்பத்தை நெருங்கினால் உச்சி உயரும் என்பதை நினைவில் கொண்டால், நாம் எடுத்துக்கொண்ட இடத்தைவிடச் சூரியனின் பக்கமாக 8.1 மைல் நெருங்கி இருக்கிறோம். வரைபடத்தில் எடுத்துக்கொண்ட இடத்திலிருந்து 252 பாகைத் திசையில் 8.1 மைல் சென்று, அங்கே அந்தத் திசைக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரைய வேண்டும். நாம் அந்தக் கோட்டின் மேல் எங்கோ இருக்கிறோம்.

எங்கே என்பதற்கு இன்னொரு கோடு வேண்டும். நண்பகலில் கண்ட அட்சரேகையே அந்தக் கோடு. படகு இந்த மூன்று மணி நேரமும் மணிக்கு 5 மைல் வேகத்தில் நேர் மேற்கே சென்றிருந்தால் 15 மைல் நகர்ந்திருக்கும்; ஆனால் அட்சரேகை மாறியிருக்காது. வேறு திசையில் சென்றிருந்தால், சென்ற திசையிலும் தொலைவிலும் பழைய கோட்டை அப்படியே இணையாக நகர்த்தி வைக்க வேண்டும். 29°47.5′ கோடும் பிற்பகல் கோடும் வெட்டும் இடம், எடுத்துக்கொண்ட தீர்க்கரேகைக்கு 4.5 மைல் மேற்கே விழுகிறது. இந்த அட்சரேகையில் தீர்க்கரேகையின் ஒரு கலை 0.87 மைல்தான் என்பதால், 4.5 மைல் என்பது 5.2 கலை. ஆகவே படகு இருக்கும் இடம் 29°47.5′ வடக்கு, 40°11.2′ மேற்கு.

விண்மீன்களுக்கும் இதே கணக்குதான். ஒவ்வொரு விண்மீனுக்கும் மணிக்கு மணி எண் கொடுத்தால் பஞ்சாங்கம் பெருத்துவிடும் என்பதால், வானில் மேஷத்தின் முதற்புள்ளி என்ற ஓர் இடத்துக்கு மட்டும் மணிக்கோணம் தந்து, தேர்ந்தெடுத்த 57 விண்மீன்களும் அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதைத் தனியே கொடுத்திருப்பார்கள். இரண்டையும் கூட்டினால் போதும். அரைவிட்டமும் இடமாறு தோற்றப்பிழையும் இல்லாததால் திருத்தம்கூட எளிது. அடிவானமும் விண்மீனும் ஒருசேரத் தெரிவது அந்தியிலும் வைகறையிலும் சிறிது நேரமே என்பதுதான் கடினம். அந்த நேரத்துக்குள் மூன்று விண்மீன்களை வெவ்வேறு திசைகளில் அளந்துவிட்டால் மூன்று கோடுகள் கிடைக்கும். அவை ஒரே புள்ளியில் கூடாமல் ஒரு சிறு முக்கோணமாக அமையும். முக்கோணம் பெரிதாக இருந்தால் ஏதோ ஓர் அளவில் பிழை இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

பிழை எங்கிருந்து வருகிறது?

கற்பவர்களிடம் நான் காணும் பிழைகளில் முக்கோணவியலால் வருபவை மிகக் குறைவு. பெரும்பாலானவை கூட்டல் கழித்தலில் வருகின்றன. அறுபதின் அடிப்படையில் கழிக்கும்போது, பாகையிலிருந்து கடன் வாங்கினால் 60 கலை வரும். கை பழக்கத்தில் 100 என்று எடுத்துவிடும். 90°லிருந்து 68°24.8′ ஐக் கழிக்கும் முன், 90°ஐ 89°60.0′ என்று எழுதிக்கொள்பவருக்கு இந்தத் தவறு நேராது.

இன்னொன்று கால்குலேட்டரில் நேர்வது. 8°15′ என்பதை 8.15 என்று போட்டுவிடுவார்கள். உண்மையில் அது 8.25. வேறுபாடு 6 கலை. நம் எடுத்துக்காட்டில் அது விடையை 3 மைலுக்கு மேல் நகர்த்திவிடும். கால்குலேட்டர் ரேடியன் அளவில் இருந்தாலோ விடை அபத்தமாக வரும், அதனால் உடனே கண்டுகொள்ளலாம். 3 மைல் பிழையைக் கண்டுகொள்ள முடியாது. ஆகவே சிறிய பிழைகளுக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். கணக்கை எப்போதும் ஒரே வடிவமுள்ள தாளில், ஒரே வரிசையில் எழுதுவதும், நேரத்தையும் தேதியையும் உலக நேரத்தில் முதல் வரியிலேயே குறிப்பதும் இதற்கு நல்ல காப்பு. உள்ளூர்த் தேதிக்கும் உலக நேரத் தேதிக்கும் ஒரு நாள் வேறுபடும் வேளைகளில் பஞ்சாங்கத்தின் தவறான பக்கத்தைத் திறந்துவிடுவது அனுபவசாலிகளுக்கும் நேர்வதுண்டு.

பயிற்சிக்குக் கடலுக்குள் போக வேண்டியதில்லை. தடையின்றி அடிவானம் தெரியும் கடற்கரையில், வரைபடத்தில் சரியாகத் தெரிந்த ஓர் இடத்தில் நின்று, கண்ணின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து கணித்துக்கொண்டு சூரியனை அளக்கலாம். எடுத்துக்கொள்ளும் இடமாக நீங்கள் நிற்கும் இடத்தையே வைத்துக் கணக்கிடுங்கள். அப்போது கிடைக்கும் இன்டர்செப்ட், உங்கள் கையும் கண்ணும் கணக்கும் சேர்ந்து செய்த பிழையின் அளவு. ஒரே நாளில் ஐந்தாறு முறை அளந்து அந்த எண்களை வரிசையாக எழுதி வையுங்கள். எல்லா எண்களும் ஒரே பக்கம் ஏறத்தாழ ஒரே அளவு விலகியிருந்தால் கருவிப் பிழையையோ கண்ணின் உயரத்தையோ மீண்டும் பாருங்கள். காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் விலகியிருந்தால் கடிகாரத்தைச் சரிபாருங்கள். ஒன்று மட்டும் தனியே 10 மைலோ 60 மைலோ விலகியிருந்தால், அந்தத் தாளின் கழித்தல்களை மறுபடியும் போட்டுப் பாருங்கள்.